சிக்கிள் செல்லோடு வேலைக்கும் போகலாம், கல்யாணமும் செய்யலாம்

கேள்வி:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 22 வயது. மண்டபத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா பிறந்த ஊர் நீலகிரியில் கூடலூர்ப் பக்கம். சின்ன வயதிலிருந்தே எனக்குக் கைகால் வலி வரும், கண் மஞ்சளாக இருக்கும். காமாலை என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பெரிய பிள்ளையான பிறகும் படுக்கையில் சிறுநீர் போய்விடும் என்று அடி வாங்கியிருக்கிறேன். 19 வயதில் மதுரையில் ரத்தம் எடுத்துப் பார்த்து ‘சிக்கிள் பீட்டா தலசீமியா’ என்றார்கள். ஹைட்ராக்ஸியூரியா என்ற மாத்திரை கொடுத்தார்கள். மருந்துக்கடையில் ‘இது கேன்சர் மாத்திரையாச்சே’ என்றதும் பயந்து நிறுத்திவிட்டேன், டாக்டரிடம் சொல்லவில்லை. இப்போது ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. நாள் முழுக்க ஏசியில் நிற்க வேண்டும். அடிக்கடி பாத்ரூம் போனால் திட்டு விழும் என்று தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தையோடு பாசி எடுக்கக் கடலில் இறங்குவேன். மாதவிலக்கு நேரத்திலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் வலி தாங்க முடிவதில்லை. போன முறை ஆஸ்பத்திரியில் ‘இந்தப் பொண்ணு ஊசிக்காகவே வருது’ என்று என் காதுபடப் பேசினார்கள். அத்தை மகனுக்கு என்னைக் கேட்கிறார்கள். அடிக்கடி முடியாமல் போகும் என்று தெரியுமே தவிர அவர்களுக்கு நோயின் பெயர் தெரியாது. ‘மலையில இருந்து வந்தவ கொண்டாந்த சீக்கு’ என்று அப்பத்தா என் அம்மாவைத்தான் ஏசுகிறது. நான் எப்படி இருக்க வேண்டும்? கல்யாணம் செய்யலாமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கல்யாணம் செய்யலாம். வேலைக்குப் போகலாம். பிள்ளையும் பெறலாம். மூன்றுக்கும் முன்னேற்பாடு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உங்கள் கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று தெரிந்தது. கடையில் தாகத்தை மறைக்கிறீர்கள். வீட்டில் வலியை மறைக்கிறீர்கள். மாத்திரையை விட்டதை டாக்டரிடம் மறைத்தீர்கள். அத்தை வீட்டில் நோயின் பெயரையே மறைக்கிறீர்கள். ஏன் மறைக்கிறீர்கள் என்று எனக்கு நன்றாகவே புரிகிறது. இந்த ஊரில் கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கு வேறு வழி சொல்லிக் கொடுத்தவர்கள் யார்? ஆனாலும் சிக்கிள் செல் நோயில் மறைப்பதற்கெல்லாம் விலை உடம்புதான் கொடுக்கிறது. அதனால் ஒவ்வொன்றாக வெளியே எடுப்போம். தண்ணீரில் தொடங்குகிறேன். அதை இன்றைக்கே மாற்றலாம்.

உங்கள் சிவப்பணுக்களில் இருக்கும் ஹீமோகுளோபின், பிராணவாயுவைக் கொடுத்து முடித்ததும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துப்போகும் தன்மை உள்ளது. விறைத்ததும் அணு வளைந்து அரிவாள் வடிவம் எடுக்கிறது. ‘சிக்கிள்’ என்றால் அரிவாள்தான். நல்ல சிவப்பணு மெத்தென்று நெளிந்து நுண்குழாய்களில் நுழைந்து போய்விடும். வளைந்த அணு, வலைக்கண்ணில் கால் மாட்டிய நண்டுபோல அங்கேயே சிக்கும். பின்னால் வருவதும் நிற்கும். அதற்கு அப்பால் உள்ள எலும்புக்கும் தசைக்கும் ரத்தம் போகாது. உங்களுக்கு வரும் வலி அதுதான். உடம்பில் நீர் குறைந்தால் சிவப்பணுவுக்குள்ளும் நீர் குறையும், ஹீமோகுளோபின் நெருக்கமாகும், இன்னும் சீக்கிரம் ஒட்டும்.

இதோடு இன்னொன்று இருக்கிறது. அதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அடி வாங்கியதாக நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது. சிறுநீரகத்தின் உட்பகுதியில் பிராணவாயு இயல்பாகவே குறைவு. அதனால் சிக்கிள் செல் உள்ளவர்களுக்குச் சிறு வயதிலேயே அந்த இடம் பாதிக்கப்படுகிறது. சிறுநீரை அடர்த்தியாக்கி நீரைச் சேமிக்கும் வேலை கெடுகிறது. மற்றவர்கள் தண்ணீர் குறைவாகக் குடித்தால் சிறுநீரும் குறைவாகப் போகும். உங்களுக்கு நீங்கள் குடிக்காவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருக்கும். படுக்கையில் போனதற்கும், கடையில் அடிக்கடி போக வேண்டியிருப்பதற்கும் இதுவே காரணம். அது உங்கள் சோம்பலோ கெட்ட பழக்கமோ இல்லை. அன்று அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. இப்போதாவது அம்மாவிடம் சொல்லுங்கள்.

நாளொன்றுக்கு ஏறக்குறைய 3 லிட்டர் குடிக்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இன்னும் கூடுதல். காலையில் எழுந்ததும் இரண்டு டம்ளர், கடைக்குக் கொண்டுபோகும் ஒரு லிட்டர் பாட்டில் மதியச் சாப்பாட்டுக்குள் காலி, மறுபடி நிரப்பி வேலை முடிவதற்குள் காலி, மீதி வீட்டில் என்று பிரித்துக்கொண்டால் சிரமம் தெரியாது. நீராகாரம், மோர், நுங்கு, இளநீர், பதநீர் எல்லாம் கணக்கில் சேரும். ‘சிறுநீர் வெளுப்பாகப் போனால் தண்ணீர் போதும்’ என்று சொல்வார்களே, அந்தக் கணக்கை நீங்கள் நம்ப வேண்டாம். உடம்பு வறண்டிருந்தாலும் உங்களுக்கு வெளுப்பாகவே போகக்கூடும். கடுங்காப்பி நிறத்தில் போய், முகமும் வெளிறினால் அது வேறு; அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு 3 லிட்டர் குடி என்று எழுதுவது எளிது என்பதும் எனக்குத் தெரியும். வீட்டில் உங்கள் பங்குக்கென்று ஒரு குடம் தனியாக மூடி வையுங்கள். மருந்தைத் தனியாக எடுத்து வைப்பதில்லையா, அதைப்போலத்தான் இதுவும். கழிப்பறைக்குப் பயந்து காலையிலிருந்து சாயங்காலம்வரை தொண்டையை நனைக்காமல் இருக்கும் பெண்களை இந்தக் கடற்கரை முழுவதும் பார்க்கிறேன். கருவாட்டுக் களத்திலும் அப்படி, மீன் கம்பெனியிலும் அப்படி, ஜவுளிக்கடையிலும் அப்படி. நோயே இல்லாதவர்களுக்கும் அது சிறுநீர்த் தொற்றில் கொண்டுபோய் விடுகிறது. ஒரு பெண் வேலை நேரத்தில் சிறுநீர் கழிக்கப் போவதை யாரும் முறைக்கலாம் என்ற நிலை இருக்கிறதே, அதைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு.

கடை முதலாளியிடம் பேசியே ஆக வேண்டும். வெறும் வாயால் பேசினால் எடுபடாது; உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். ‘இவருக்குப் பிறவியிலேயே ரத்த அணு நோய் உள்ளது, தொற்றாது, தண்ணீர் அருந்தவும் கழிப்பறை செல்லவும் தடை இருக்கக் கூடாது, ஏசிக் காற்று நேராகப் படும் இடத்தில் நிற்கக் கூடாது, இடையிடையே உட்கார வேண்டும்’ என்று நான்கு வரி இருந்தால் போதும். ‘தொற்றாது’ என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். மஞ்சள் கண்ணைப் பார்த்துத்தான் உடன் வேலை செய்கிறவர்கள் ஒதுங்குவார்கள். உட்காருவதைச் சலுகையாகக் கேட்க வேண்டியதில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வைக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அந்த ஸ்டூல் உங்களுக்கு மட்டுமானதல்ல, பக்கத்தில் நிற்கும் அக்காவுக்கும் சேர்த்துத்தான். ஏசிக்கு முழுக்கை ஸ்வெட்டரும் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து பஸ் ஏறிய துணியோடு ஏசிக்குள் போய் நிற்பதுதான் உங்கள் ஐப்பசி வலிக்குப் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். மாற்றுத் துணி ஒன்று கடையிலேயே இருக்கட்டும்.

பாசி எடுக்கப் போவது பற்றி நீங்கள் கேட்கவில்லை, எழுதியிருக்கிறீர்கள். கேட்டதாகவே எடுத்துக்கொள்கிறேன். வேண்டாம், தங்கை. மூச்சை அடக்கி முங்குவது, மணிக்கணக்காக நீரில் ஊறுவது, ஈரத்துணியோடு காற்றில் நிற்பது, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் இழுப்பது எல்லாமே சிவப்பணுவை வளைக்கிற காரியங்கள். போதாததற்குப் பாறையிலும் சிப்பியிலும் கணுக்காலில் கீறினால் உங்களுக்குப் புண் ஆற நாளாகலாம். கரையில் காயப்போடுவது, பிரிப்பது, எடை பார்ப்பது என்று அத்தைக்கு உதவுங்கள், காலில் செருப்போடு. கோவிலில் 22 தீர்த்தம் ஆடுவதற்கும் இதே காரணம்தான். வாளி வாளியாகக் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டு ஈரத்தோடு பிராகாரம் சுற்றுவது உங்களுக்கு ஆகாது. தலையில் தெளித்துக்கொண்டால் போதும். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத விரதமும் கூடாது. நோன்பு வைக்கும் சகோதரிகள் இந்த நோயோடு இருந்தால், அவர்களும் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும்.

இனி வலி. தொடங்கிய உடனே செய்ய வேண்டியது: வேலையை நிறுத்தி உட்காருங்கள், போர்த்திக்கொள்ளுங்கள், நிறையக் குடியுங்கள், வலிக்கும் இடத்தில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். ஐஸ் வைக்கவே கூடாது. பாரசிட்டமால் 650 மில்லிகிராம் ஒன்று போடலாம், 6 மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு 4க்கு மேல் போகாமல். தெருமுனைக் கடையில் போடும் வலி ஊசியும், டைக்ளோஃபினாக், புரூஃபென் வகை மாத்திரைகளை நீங்களாகவே வாங்கித் தொடர்ந்து விழுங்குவதும் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். மருத்துவர் பார்த்துச் சில நாள் கொடுத்தால் சரி. வீட்டு வைத்தியத்தில் சில மணி நேரத்துக்குள் வலி இறங்கவில்லை என்றால் தாங்கிக்கொண்டு கிடக்காதீர்கள், போய்விடுங்கள்.

‘ஊசிக்காக வருது’ என்ற பேச்சுக்கு வருகிறேன். அதைப் படித்து வெகுநேரம் மனம் கனத்தது. மருத்துவம் படித்தவர்கள் இந்தப் பகுதியைப் படித்தால் அவர்களுக்காகவும் எழுதுகிறேன். சிக்கிள் செல் வலிக்கு வீக்கம் இருக்க வேண்டும் என்பதில்லை, எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பதில்லை, ரத்தப் பரிசோதனையில் அளக்கவும் முடியாது. நோயாளி சொல்வதுதான் அளவு. குழந்தையிலிருந்து வலியோடு வளர்ந்தவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே கடும் வலியில் இருப்பார். அழவில்லை என்பதால் வலி இல்லை என்று ஆகாது. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இப்படி வருகிறவருக்கு வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் வலி மருந்து கொடுக்க வேண்டும் என்கிறது. தேவைப்பட்டால் மார்ஃபின் வகை மருந்தும் அதில் அடக்கம்.

நம் பக்கத்தில் இந்த நோயைப் பார்த்துப் பழகியவர்கள் குறைவு. 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசம் சாடோலில் தொடங்கிய தேசியச் சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம், 40 வயதுவரை உள்ள 7 கோடிப் பேருக்குப் பரிசோதனை என்று திட்டமிட்டது. ஆனால் அது பழங்குடி மக்கள் அதிகம் வாழும் இடங்களை மனத்தில் வைத்தது. கடற்கரை ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருப்பவர் உங்களைப் போல ஒருவரை முன்பு பார்த்தே இருக்கமாட்டார். ஆகவே அவருக்குத் தெரிய வேண்டியதை நீங்கள் கையில் கொண்டுபோக வேண்டும். ஒரு தாளில் மருத்துவர் கையெழுத்தோடு எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டுப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்: நோயின் முழுப் பெயர், ரத்த வகை, வலி இல்லாத நாளில் உங்கள் ஹீமோகுளோபின் எவ்வளவு, ஆக்சிஜன் அளவு எவ்வளவு, சாப்பிடும் மருந்து, போன முறை எந்த வலி மருந்து எந்த அளவில் கேட்டது, ஒவ்வாமை, உங்கள் மருத்துவரின் தொலைபேசி எண். வலி இல்லாத நாளின் ஹீமோகுளோபினை நீங்களும் மனப்பாடமாக வைத்திருங்கள். உங்களுக்கு எப்போதுமே 8.5 என்றால், வலியோடு போகும் அன்றும் 8.5 என்பதற்காக ரத்தம் ஏற்ற வேண்டியதில்லை. அதே 6.5க்கு இறங்கியிருந்தால் அவசரம். தேவையில்லாமல் ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் உடம்பில் இரும்பைச் சேர்க்கும், பின்னால் பொருத்தமான ரத்தம் கிடைப்பதையும் கடினமாக்கும். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியிலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நன்றாக இருக்கும் ஒரு நாளில் அங்கே பொது மருத்துவப் பிரிவில் போய்ப் பதிந்து, உங்களுக்கென்று ஒரு கோப்பு தொடங்கிவையுங்கள். நடு இரவில் முதல் முறையாக முகம் காட்டுவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

சிலவற்றுக்கு வீட்டில் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்கக் கூடாது, 108ஐ அழைக்க வேண்டும். நெஞ்சுவலியோடு மூச்சு வாங்குவது, 101 டிகிரிக்கு மேல் காய்ச்சல், வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, கை கால் ஒரு பக்கம் தளர்வது, இதுவரை வராத தலைவலி, திடீரெனக் கண் தெரியாமல் போவது. உங்கள் வகை நோய்க்கென்று இன்னொன்றும் உண்டு. சிக்கிள் செல் நோயின் கடுமையான வகையில் மண்ணீரல் குழந்தைப் பருவத்திலேயே சுருங்கிவிடும். பீட்டா தலசீமியா சேர்ந்திருப்பவர்களுக்குப் பெரிய வயதிலும் அது வீங்கியே இருக்கலாம், திடீரென ரத்தத்தை உள்ளே தேக்கிக்கொள்ளலாம். இடது விலாவுக்குக் கீழே கையை வைத்துத் தொட்டுப் பார்க்க அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்கும்படி மருத்துவரைக் கேளுங்கள். அங்கே வீங்கி, வலித்து, முகம் வெளிறி, மயக்கம் வந்தால் ஓட வேண்டும். வீங்கியிருந்தாலும் அந்த மண்ணீரல் கிருமியோடு சரியாகப் போராடாது. அதனால்தான் காய்ச்சலை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நிமோனியா, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளும் ஆண்டுக்கு ஒரு முறை ஃப்ளூ ஊசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மாத்திரையைப் பற்றி. மருந்துக்கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. சில ரத்தப் புற்றுநோய்களுக்கும் ஹைட்ராக்ஸியூரியா கொடுக்கிறோம். அதனால் உங்களுக்குப் புற்றுநோய் என்று ஆகிவிடாது. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் நிறைய இருக்கும் ஒருவகை ஹீமோகுளோபினைப் பெரியவர்களிடம் மறுபடி கூட்டுவது இந்த மருந்தின் குணம். அந்த வகை, சிக்கிள் ஹீமோகுளோபின் ஒட்டுவதைத் தடுக்கிறது. வலி வரும் தடவைகள் குறைகின்றன, நெஞ்சில் வரும் ஆபத்தான சிக்கலும் குறைகிறது. பெரியவர்களின் சிக்கிள் செல் நோய்க்கு அமெரிக்காவில் இதை 1998இலேயே அங்கீகரித்துவிட்டார்கள். வலி வந்த அன்று போட்டால் கேட்கிற மருந்தல்ல. நாள்தோறும் சாப்பிட்டுச் சில மாதம் போன பிறகுதான் பலன் தெரியும். நீங்கள் எவ்வளவு நாள் சாப்பிட்டுவிட்டு நிறுத்தினீர்களோ, அதை மறைக்காமல் சொல்லி மறுபடி தொடங்குங்கள். பழைய அட்டையை எடுத்து நீங்களாகவே விழுங்க வேண்டாம். தொடக்கத்தில் சில வாரங்களுக்கு ஒரு முறையும், பிறகு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் ரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். இதைச் சாப்பிடும்போது கரு தரிக்கக் கூடாது. பிள்ளைக்கு முயலும்முன் குறைந்தது மூன்று மாதம் நிறுத்துவது வழக்கம். கல்யாணம் பேசுகிறார்கள் என்பதற்காக இன்றே நிறுத்த வேண்டியதில்லை.

அதோடு ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் மாத்திரை. சாதாரணச் சிவப்பணு 120 நாள் இருக்கும், வளைந்த அணு இரண்டு மூன்று வாரத்தில் உடைந்துபோகும். உடைந்ததை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஓய்வில்லாமல் உழைப்பதால் ஃபோலிக் ஆசிட் தேவை. உடையும்போது வெளிவரும் நிறமிதான் கண்ணில் மஞ்சளாகத் தெரிகிறது. கீழாநெல்லி அதைத் தீர்க்காது. மந்திரிப்பதும் தீர்க்காது. வலது விலாவின்கீழ் வலி வந்தால் மட்டும் பித்தப்பைக் கல் இருக்கிறதா என்று ஸ்கேன் பாருங்கள். ‘ரத்தம் குறைவு’ என்று கேட்டதும் யாரும் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடாதீர்கள். உடம்பில் இரும்பு இருப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பார்த்து, இரும்பு உண்மையில் குறைந்திருந்தால்தான் அது தேவை.

மாதவிலக்கு நேரத்து வலி உங்கள் கற்பனை இல்லை. சிக்கிள் செல் உள்ள பெண்களில் நிறையப் பேருக்கு அந்த நாட்களில் வலி கூடுகிறது. மூன்று மாதம் காலண்டரில் குறித்துவாருங்கள்: எந்த நாள் விலக்கு, எந்த நாள் வலி. இரண்டும் சேர்ந்தே வருகிறது என்று தெரிந்தால், அந்த நாட்களுக்கு முன்பே தண்ணீரைக் கூட்டி, கடையில் விடுப்பைத் திட்டமிடலாம். அதற்கும் அடங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தை மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். வீட்டில் ‘மூணாம் நாள் தலைக்கு ஊத்து’ என்று விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிக்கச் சொன்னால் வெந்நீர் கேளுங்கள். வெளித்திண்ணையில் படுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் உடம்புக்குக் குளிர்காற்று ஆகாது என்று அம்மா சொல்லட்டும். திருவிழாவுக்கு விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் வாங்கிப் போடாதீர்கள். ரத்தம் உறைந்து கட்டியாகும் அபாயம் உங்களுக்கு ஏற்கெனவே அதிகம்.

இப்போது அப்பத்தாவுக்கு வருவோம். உங்கள் நோயின் பெயரில் இரண்டு பாதி இருக்கிறது. ‘சிக்கிள்’ ஒருவரிடமிருந்தும், ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத குறையான ‘பீட்டா தலசீமியா’ இன்னொருவரிடமிருந்தும் வந்தது. ஒரு பாதி மட்டும் வைத்திருப்பவருக்கு நோய் கிடையாது, ஆயுளுக்கும் தெரியாமலே இருந்துவிடலாம். நீலகிரியில் சிக்கிள் மரபணு பரவலாக உண்டு. இந்தியாவில் அதை முதன்முதலாக 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டு எழுதியதே அங்கேதான். அம்மா அந்தப் பாதியைக் கொடுத்திருக்கலாம். அப்படியென்றால் தலசீமியாப் பாதி அப்பாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கு யாரிடமிருந்து? அவரைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து. அப்பத்தாவாக இருக்கலாம், தாத்தாவாக இருக்கலாம். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. அம்மா 20 ஆண்டுக்கு மேல் தனியாகச் சுமந்த பழி அவர் ஒருவருடையது அல்ல என்று வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு மரபணுவும் மனிதர்களிடம் தங்கியதற்குக் காரணம் ஒன்றேதான்: ஒரு பாதி மட்டும் இருப்பவரை மலேரியா எளிதில் கொல்வதில்லை. மலையடிவாரக் காட்டிலும் மலேரியா இருந்தது, நம் கடற்கரையிலும் இருந்தது. இரண்டு பக்கத்து முன்னோரையும் பிழைக்க வைத்தது உங்களிடம் வந்து ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் நோய் உள்ளவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மலேரியா வந்தால் உங்களுக்குக் கடுமையாகும். கொசுவலைக்குள் படுங்கள், தொட்டியை மூடிவையுங்கள்.

அத்தை மகன் விஷயத்தை இதோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அப்பாவிடம் தலசீமியாப் பாதி இருந்தால், உடன்பிறந்த அத்தையிடமும் அது இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு. அத்தை மகனிடம் இருக்க நான்கில் ஒரு வாய்ப்பு. அவருக்கு எச்.பி.எல்.சி. என்ற ரத்தப் பரிசோதனை செய்யாமல் தட்டு மாற்றக் கூடாது. அவரிடம் எந்தப் பாதியும் இல்லையென்றால், உங்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒரு பாதியை மட்டும் சுமப்பார்கள். ஒருவருக்கும் நோய் வராது. அவரிடமும் தலசீமியாப் பாதி இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வர இரண்டில் ஒரு வாய்ப்பு: அந்த வாய்ப்பில் சரிபாதி உங்கள் நோயாகவும், மறுபாதி அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியாவாகவும். 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கு எடுத்துக் கருவில் பார்க்கும் வழி உண்டு. இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அந்த முடிவுக்காகக் காத்திருப்பது பெரிய பாரம். அப்படி ரிப்போர்ட் வந்தால் அந்தச் சம்பந்தத்தை விட்டுவிடச் சொல்வேன். வெளியிலிருந்து மாப்பிள்ளை வந்தாலும் இதே பரிசோதனை வேண்டும். தலசீமியாப் பாதியைச் சுமப்பவர்கள் எல்லா ஊரிலும் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள்.

யார் சொல்வது என்பதுதான் உங்கள் பயம். மதினி நாத்தனார் மனத்தாங்கல் இருந்தாலும், நீங்கள் ஞாயிறு தோறும் கூடப்போகும் அத்தையிடம் நீங்களே பேசலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. ‘இனி நான் முங்க வரமாட்டேன் அத்தை, ஏன்னு சொல்றேன்’ என்று தொடங்குங்கள். பெயரைச் சொல்லுங்கள், தொற்றாது என்று சொல்லுங்கள், மச்சானுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்லுங்கள். அத்தையையும் அவரையும் மருத்துவரிடம் அழைத்துப் போக முடிந்தால் இன்னும் நல்லது, கேட்க வேண்டியதை அவர்களே கேட்பார்கள். இதைக் கேட்டு வேண்டாம் என்று போகிறவர்கள், கல்யாணத்துக்குப் பிறகு முதல் காய்ச்சலில் உங்களைத் தாய்வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

கர்ப்பத்தைப் பற்றி இப்போதைக்கு இவ்வளவு போதும்: இந்த நோயோடு பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். வலி கூடலாம், ரத்த அழுத்தம் ஏறலாம், ரத்தம் உறையலாம். அதனால் நாள் தள்ளிய உடனே மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பதிந்து, பிரசவமும் அங்கேயே பார்க்க வேண்டும். பிள்ளைப்பேற்றைத் தள்ளிப்போட நினைத்தால் ‘மாலா-என்’ போன்ற ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை வேண்டாம். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடும் அந்தரா ஊசி உங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது, சிலருக்கு வலியையும் குறைக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் சிக்கிள் செல் நோயும் இருக்கிறது. மருத்துவக் குழு 40 விழுக்காடோ மேலோ என்று சான்று தந்தால், மேற்கொண்டு படிக்க நினைக்கும்போது கல்லூரி இடஒதுக்கீட்டுக்கு உதவும். அட்டை வாங்கினால் வரன் அமையாது என்று யாராவது சொல்வார்கள். வாங்கிவையுங்கள், காட்டுவதும் காட்டாததும் உங்கள் விருப்பம்.

ஒன்று மீதி இருக்கிறது. உடன்பிறந்தவர்கள் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அவர்களுக்கும் எச்.பி.எல்.சி. எடுக்க வேண்டும், வலி இல்லாவிட்டாலும். அம்மா, அப்பா இருவருக்கும் எடுத்து எந்தப் பாதி யாரிடம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மதுரையில் கொடுத்த உங்கள் பழைய ரிப்போர்ட்டில் ‘ஹீமோகுளோபின் ஏ’ என்ற வரி எவ்வளவு காட்டுகிறது என்று பார்த்து எழுதுங்கள். அதற்கு முன் ரத்தம் ஏற்றியிருந்தார்களா என்பதையும் சேர்த்து. அந்த வரியில் கொஞ்சமாவது இருந்தால் நோய் சற்று லேசான வகை, அறவே இல்லையென்றால் கடுமையான வகை. மாத்திரை அளவு, எத்தனை மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது என்பதையெல்லாம் அதை வைத்துத்தான் பேச முடியும்.

அன்புடன்,
டாக்டர் அக்கா